படகில் இருந்த கடைக்குட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்ற ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜூலி ஆண்ட்ரூஸ் மலைமேல் சுழன்று பாடும் காட்சியை ஹெலிகாப்டரில் இருந்து எடுத்ததும், ஒவ்வொரு முறையும் அதன் காற்று அவரைப் புல்லில் தள்ளிவிட்டதும் அருமை. பாம்பன்காரிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று நாளில் எங்கள் ரோடு பாலத்தில் நடந்தால், சேலையைப் பிடிப்பதா பையைப் பிடிப்பதா என்று ஆகிவிடும்.

ஆனால் ஜூலியும் ஏழு பிள்ளைகளும் போகும் படகு கவிழும் காட்சியை, ‘எல்லாரும் ஜாலியாகத் தண்ணீரில் விழுந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! கடைக்குட்டி கிரெட்டலாக நடித்த கிம் காரத்துக்கு அப்போது ஐந்தாறு வயது. நீச்சல் தெரியாது. படகு சாய்ந்ததும் ஜூலி அவள் பக்கம் விழுந்து பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு டேக்கில் ஜூலி ஒரு பக்கம், பிள்ளை மறுபக்கம். தண்ணீரைக் குடித்துவிட்டாள். தூக்கியதும், அக்காவாக நடித்த ஹெதர் மென்சீஸ் மேலேயே வாந்தி எடுத்தாளாம். கதைப்படி உடம்பில் இருப்பது ஜன்னல் திரையில் தைத்த உடுப்பு. நனைந்த துணி என்ன கனம் கனக்கும் என்று கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன மாதம் வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் பார்த்தோம். பிள்ளைகளின் அப்பாவான கேப்டனாக வரும் கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் பாட்டில் பில் லீ என்பவர் குரல் கொடுத்தார் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. படகு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருஷம் வள்ளத்தில் போனவர். “அப்பனைப் பார்த்ததும் மொத்தப் பேரும் எழுந்து நின்றால் கவிழாமல் என்ன செய்யும்?” என்றார். பேத்தி மட்டும் கிரெட்டல் கரையேறிவிட்டாளா என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இன்னொன்று. படம் நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1965 மார்ச் 2. படத்தை எடுத்தது 1964-இல். இரண்டுக்கும் நடுவே, 1964 டிசம்பர் 22 இரவில்தான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. அங்கே விளக்குப் போட்டுப் படம் காட்டியபோது, இங்கே பத்து வாரத்துக்கு முன்னால் ரயில் நின்ற ஊரில் வெறும் மணல். அவர்கள் படத்துக்கும் எங்கள் புயலுக்கும் சம்பந்தம் இல்லை, சரி. ஆனாலும் அந்தத் தேதியைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரர் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டார். மீதியை மறுநாள்தான் பார்த்தோம்.

– ஒரு வாசகி, பாம்பன்