ஏழு நூலும் ஓர் அட்டைத் துண்டும்

அன்புள்ள தேவகி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள் என்று படித்ததும் எனக்கே மனசு லேசாகிவிட்டது. எத்தனை வருஷ உழைப்பு! அவளிடம் என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை, காலையில் நடக்கத் தொடங்கியிருக்கிறார். சின்னவன் வீடு மாறிவிட்டான். புது வீட்டில் வெளிச்சம் நன்றாக வருகிறதாம்.

நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்குத்தான் நான் முக்கியமாகப் பதில் எழுத வேண்டும். ஊசியில் நூல் கோர்க்கவே கண் இடம் கொடுக்கவில்லை, தையல் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். விடுதியில் விளக்கணைக்கும் நேரம் வரை உட்கார்ந்து கைக்குட்டைகளில் பூவேலை செய்தவள் நீ. அந்தக் கைகள் சும்மா இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஊசியே வேண்டாத ஒரு கைவேலையை நான் கொஞ்ச நாளாகக் கற்றுக்கொண்டு வருகிறேன். உனக்கு அது நிச்சயம் பொருந்தும் என்று தோன்றுவதால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

குமிஹிமோ என்று பெயர். ஜப்பானியர்களின் கயிறு பின்னும் கலை. பல நூல்களை ஒரு வட்டத்தின் ஓரத்தில் நிறுத்தி, அவை ஒன்றையொன்று கடந்துபோகும்படி இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், நடுவிலிருந்து ஒரு கயிறு கீழ்நோக்கி வளரும். அந்தக் கயிற்றில்தான் பிரேஸ்லெட் செய்கிறேன். தலை பின்னுவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று புரியும். சடையில் மூன்று கால். ஓரத்துக் கால் நடுவுக்கு வரும், அதனால் பின்னல் தட்டையாக இருக்கும். இங்கே ஒவ்வொரு நூலும் வட்டத்தைக் கடந்து அடுத்த பக்கம் போவதால் பின்னல் உருண்டு வருகிறது. முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவும் கிடையாது.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரு பழைய அட்டைப் பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவுக்கு வட்டம் ஒன்று வெட்டிக்கொள். ஓரத்தில் சம இடைவெளியில் எட்டுச் சின்ன வெட்டுகள், நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஏழு நூல்களை ஒரு முனையில் சேர்த்து முடிச்சுப் போட்டு, முடிச்சை ஓட்டை வழியாகக் கீழே விட்டு, ஏழு நூலையும் ஏழு வெட்டுகளில் செருகு. ஒரு வெட்டு காலியாக நிற்கும். அதை உன் பக்கம் திருப்பிக்கொள். அங்கிருந்து வலப்பக்கமாக எண்ணி, மூன்றாவது நூலை எடுத்துக் காலி வெட்டில் வை. இப்போது வேறொரு வெட்டு காலியாகிவிடும், அதை உன் பக்கம் திருப்பு. மறுபடியும் மூன்றாவது நூல். அவ்வளவுதான் தேவகி, முழு முறையும் இவ்வளவுதான். எப்போதும் ஒரே திசையில் எண்ண வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலி வெட்டு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. யாராவது கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து விரலால் ஓரத்தைத் தடவினால் காலி வெட்டு தெரிந்துவிடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு உற்றுப் பார்க்கும் வேலையே இல்லை. உனக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நூல் வாங்கவும் வேண்டாம். பரணில் போட்ட பெட்டியில் எம்பிராய்டரி நூல் எவ்வளவோ இருக்குமே! ஆறு இழையாக வரும் அந்த நூலைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொள். ஒவ்வொன்றும் மணிக்கட்டின் சுற்றளவைப் போல மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். பின்னும்போது நூல் சாய்ந்து சாய்ந்து போவதால் நீளம் நிறையவே உள்ளே போய்விடும். அப்புறம், நிறங்களைப் பளிச்சென்று வேறுபட்டதாக எடு. வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் சேர்ந்தால் அழகுதான், ஆனால் எந்த நூல் எங்கே போகிறது என்று தெரியாது. முதல் கயிற்றில் நூல்களின் பாதை தெரிவதுதான் முக்கியம், அழகு தானாக வந்து சேரும்.

ஏழு நூல் கைக்கு வந்த பிறகு எட்டு நூலுக்குப் போகலாம். நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். அதற்கு ஃபோமில் செய்த ஒரு டிஸ்க் கிடைக்கிறது. ஓரத்தில் 32 வெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும், நான்கு திசையிலும் நான்கு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல், ஆக நான்கு ஜோடி. மேல் ஜோடியின் வலது நூலைக் கீழே இறக்கி, கீழ் ஜோடிக்கு வலப்பக்கம் வைக்க வேண்டும். கீழ் ஜோடியின் இடது நூலை மேலே ஏற்றி, மேலே நிற்கும் நூலுக்கு இடப்பக்கம் வைக்க வேண்டும். பிறகு டிஸ்க்கை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி, அதையே திரும்பச் செய்ய வேண்டும். இந்தப் பின்னலுக்குக் கொங்கோ குமி என்று பெயர். பின்னப் பின்ன ஜோடிகள் மெல்ல நகர்ந்து புள்ளிகளைவிட்டு விலகிப் போகும். அது சரிதான், பதற வேண்டாம். எண்ணையும் புள்ளியையும் விட்டுவிட்டு ஜோடிகளை மட்டும் பார்த்தால் போதும்.

நிறுத்துவதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மேல் நூலைக் கீழே இறக்கியதும், கீழே மூன்று நூல் சேர்ந்து நிற்கும்போது டிஸ்க்கை வைத்துவிடு. திரும்ப எடுக்கும்போது மூன்று நிற்கும் பக்கத்தைக் கீழே வைத்துக்கொண்டால், அதன் இடது நூல் மேலே போக வேண்டும் என்று உடனே தெரியும். நான்கு பக்கமும் இரண்டிரண்டாக இருக்கும்போது நிறுத்தினால், அடுத்து எந்த ஜோடி என்று கயிறு சொல்லாது. எங்காவது பின்னல் புடைத்துக்கொண்டு நின்றால் இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதே. வந்த வழியே ஒவ்வொரு அடியாகப் பிரித்துப் போனால் பிசகிய இடம் கிடைத்துவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இந்த அடிகளை யார் வேண்டுமானாலும் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். நல்ல கயிற்றையும் சாதாரணக் கயிற்றையும் பிரிப்பது நூலின் இழுப்பு ஒன்றுதான். ஒவ்வொரு நூலையும் ஒரே அளவு இறுக்கத்தில் வைக்க வேண்டும். நூல்கள் சந்திக்கும் புள்ளி ஓட்டையின் நட்ட நடுவில் நிற்க வேண்டும். முடிச்சில் ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டால் பாதி வேலை சுலபமாகிவிடும். மீதியைக் கை பழக வேண்டும். தையலில் உன் கைக்கு அந்தச் சமம் எப்போதோ வந்துவிட்டது. உன் தையலின் பின்பக்கத்தைப் பார்த்தே நாங்கள் அதிசயப்படுவோமே, நினைவிருக்கிறதா? நான் தட்டுத் தடுமாறிப் போகும் தூரத்தை நீ வெகு சீக்கிரம் கடந்துவிடுவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜப்பானில் முறையாகப் பின்னுகிறவர்கள் இந்த இழுப்பை எடைகளிடம் விட்டுவிடுகிறார்கள். மருடாய் என்று ஒரு மரத்தாங்கி. கால்கள் வைத்த வட்டப் பலகை, நடுவில் ஓட்டை. நூல்களைச் செருகிவைக்க வெட்டுகள் கிடையாது. ஒவ்வொரு நூலின் நுனியும் தாமா என்ற கனமான உருளையில் சுற்றி விளிம்பிலிருந்து தொங்கும். பின்னிய கயிற்றின் அடியில் இன்னோர் எடை எதிராக இழுத்துக்கொண்டிருக்கும். எட்டுத் தாமாவும் தலா 100 கிராம் என்றால், மொத்தம் 800; கீழே ஏறக்குறைய அதில் பாதி. கீழ் எடையைக் கூட்டினால் கயிறு இளகி மென்மையாக வரும், குறைத்தால் இறுகி விறைப்பாக வரும். எனக்கு முதலில் இது நேர்மாறாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் சரிதான். கீழே அதிகம் இழுத்தால் நூல்கள் நெருங்கிப் படிவதற்கு முன்பே கயிறு இறங்கிவிடுகிறது. தகாடாய் என்று இன்னொன்று உண்டு. அது சிறு தறி மாதிரியான பெரிய சட்டம், அகலமான தட்டைப் பின்னல்களுக்கு. அதற்கு முன்னால் உட்காரும் தைரியம் வர எனக்கு இன்னும் காலம் ஆகும்.

இந்த எடைகளைப் பற்றிப் படித்த பிறகுதான் கயிற்றைப் பார்க்கும் என் பார்வையே மாறியது. நாம் இன்று மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறோமே தவிர, இது பாரம் தாங்குவதற்காகப் பிறந்த கயிறு. பௌத்தத்தோடு சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பின்னல் கலை ஜப்பானுக்கு வந்தது. நாரா நகரில் ஷோசோயின் என்ற பழைய கருவூலம் இருக்கிறது. 756ல் ஷோமு பேரரசர் இறந்த பிறகு அவருடைய பொருள்களை அரசி தோதாய்ஜி கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அவற்றைக் காத்துவைத்த இடம் அது. அங்கே எட்டாம் நூற்றாண்டின் பின்னல் கயிறுகள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பழங்காலத்தில் தாங்கியே இல்லாமல், நூல் வளையங்களைக் கைகளில் மாட்டி, அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக மாற்றியே பின்னும் முறையும் இருந்தது. கருவிகள் பிறகுதான் வந்தன. அதனால்தான் அட்டைத் துண்டில் தொடங்கச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

பிறகு சாமுராய்களின் காலம். அவர்களுடைய கவசம் ஒரே தகடு இல்லை, சின்னச் சின்னத் தகடுகள். அவற்றைக் கயிறுகள்தான் வரிசை வரிசையாகக் கோத்துப் பிடித்திருந்தன. உடம்பு வளையும்போது கவசமும் வளைந்தது அதனால்தான். வாளுறையை இடுப்பில் கட்டியதும் பின்னல் கயிறு. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், 1652ல் தொடங்கிய டோம்யோ என்ற நிறுவனம் அப்போது வாள் கயிறுகள் செய்தது, இன்றும் பின்னிக்கொண்டிருக்கிறது. 1876ல் பொது இடங்களில் வாள் தரிக்கக் கூடாது என்று அரசாங்கம் ஆணையிட்டது. நினைத்துப் பார், தலைமுறை தலைமுறையாக வாளுக்குக் கயிறு பின்னியவர்கள் என்ன செய்வார்கள்? கிமோனோவின் மேல் கட்டும் அகலமான பட்டைக்கு ஓபி என்று பெயர். அதை நழுவாமல் பிடிக்க மேலே ஒரு மெல்லிய கயிறு கட்டுவார்கள், அதற்கு ஓபிஜிமே என்று பெயர். அந்த வழக்கம் அதற்குள் பரவியிருந்தது. கைகள் அந்தப் பக்கம் திரும்பின. வாளைத் தாங்கிய அதே பின்னல் பெண்களின் இடுப்புக்கு வந்து பிழைத்துக்கொண்டது. மியே மாகாணத்தின் இகா நகரும் கியோட்டோவும் இன்றுவரை இதற்குப் பெயர் போனவை. இரண்டு ஊர்களின் பின்னலையும் 1976ல் ஜப்பான் அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது.

சரி, பிரேஸ்லெட்டை முடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரே ஒரு விதி. கட்டாமல் வெட்டாதே. வெட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய நூலால் இறுக்கமாகப் பல சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் கத்தரி. இல்லாவிட்டால் பின்னல் கண்முன்னே பிரிந்துபோகும். கடையில் கிடைக்கும் உலோக மூடியில் முனையைப் பசை தடவிச் செருகி, கொக்கி மாட்டுவது ஒரு வழி. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. எட்டு நூலுக்குப் பதில் நான்கு நீளமான நூல்களை எடுத்து நடுவில் மடித்தால் எட்டு முனை வந்துவிடும். மடிப்பில் ஒரு சின்ன வளையம் விட்டு முடிச்சுப் போட்டுப் பின்னத் தொடங்கு. கடைசியில் ஒரு பொத்தானைக் கட்டிவிட்டால் அது அந்த வளையத்தில் மாட்டிக்கொள்ளும். உலோகமும் வேண்டாம், பசையும் வேண்டாம். நீளம் மணிக்கட்டின் சுற்றளவோடு ஓரிரு சென்டிமீட்டர் கூடுதல். தடித்த கயிறு என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள், தடிமனும் உள்பக்கத்தில் இடம் பிடிக்கும்.

மணி கோத்துப் பின்னும் முறையும் இருக்கிறது. ஒவ்வொரு நூலிலும் முன்கூட்டியே மணிகளைக் கோத்துவைத்து, நூல் நடுவைக் கடக்கும்போது ஒரு மணியைக் குறுக்கே போகும் நூலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். பார்க்க மிக அழகு. ஆனால் அதை முதலில் தொடாதே. மணிகள் பின்னலை மூடிவிடும், உன் கை சமமாகப் போகிறதா என்று தெரியாது. நூல் மட்டும் உள்ள கயிறு எதையும் மறைக்காது. அதுவுமில்லாமல், எட்டு நூலை வைத்தே செய்து பார்க்க எவ்வளவோ இருக்கிறது. அதே அடிகள், அதே இரண்டு நிறங்கள். தொடங்கும்போது எந்த நிறம் எங்கே நிற்கிறது என்பதை மாற்றினால் கயிற்றின் முகமே மாறிவிடும். அடுத்த கயிறு எப்படி வரும் என்று காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டுப் பின்னுவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பரணிலிருந்து பெட்டியை நீ ஏறி எடுக்காதே, யாரையாவது எடுத்துத் தரச் சொல். அட்டையில் பின்னிய கயிறு எப்படி வந்தாலும், ஒரு விரல் நீளம் இருந்தால்கூட, அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு. இழுப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். உன் மணிக்கட்டின் சுற்றளவையும், உனக்கு வேண்டிய இரண்டு நிறங்களையும் எழுது. பெரியவளின் வாய்மொழித் தேர்வு எப்போது என்று முடிவானதும் தெரியப்படுத்து. முடிந்தால் அதற்கு நானும் வரப் பார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
வசந்தா