அளவு குறைவாக, வரிசை சரியாக

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு காலை

அன்பு செல்வா,

ஏற்காட்டில் பனி இறங்கிவிட்டதா? இங்கே ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

புற்றை எதிர்க்க உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியோடு, மரபணுப் பூட்டைக் கழற்றும் அசாசிடிடின், டெசிடபின் மருந்துகளைச் சேர்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, ஆனால் எல்லாக் கட்டிக்கும் அல்ல. இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் கூட்டுதான் இது.

புற்றுச்செல் தன் மரபணுக்கள் பலவற்றை மெத்தில் என்ற வேதிக் குறியை ஒட்டிப் பூட்டி வைக்கிறது. இந்த மருந்துகள் பிரியும் செல்லின் டிஎன்ஏவுக்குள் நுழைந்து, மெத்தில் ஒட்டும் நொதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த பிரிவுகளில் பூட்டு கழன்றுவிடும். நம் மரபணுத்தொகுதியில் என்றோ புகுந்து உறங்கும் ரெட்ரோவைரஸ் துண்டுகள் அப்போது விழித்து, இரட்டை இழை ஆர்என்ஏ உண்டாகும். வைரஸ் தாக்கிவிட்டதாக எண்ணி செல், எதிர்ப்புச் சக்தியைக் கூப்பிடும் இன்டர்ஃபெரான் புரதத்தைச் சுரக்கும். 2015-ல்தான் இது தெளிவானது. அளவைக் கூட்டினால் கெடுவதும் இதனால்தான்: பூட்டு கழல்வதற்குள் செல் செத்துவிடும், புற்றைத் தாக்க நமக்கு வேண்டிய டி செல்களும் (ஒருவகை வெள்ளணு) கூடவே போகும்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று திரும்பியவர்களிடம் சீனாவில் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வைப் பார். டெசிடபின் தினம் 10 மி.கி. 5 நாள், 8-ஆம் நாள் கேம்ரெலிசுமாப் (டி செல்லின் பிடி-1 என்ற தடையை நீக்கும் இம்யூனோதெரபி மருந்து) 200 மி.கி., 3 வாரத்துக்கு ஒரு சுற்று. அதற்கு முன்பு பிடி-1 மருந்தே பெறாதவர்களில் கேம்ரெலிசுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு முழு நிவாரணம் 32 சதவீதம், சேர்த்துப் பெற்றவர்களுக்கு 71. நுரையீரல் புற்றில் அசாசிடிடின் மாத்திரையோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இன்னொரு பிடி-1 மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. அதனால் ஹாட்ஜ்கின் கணக்கை வைத்து மற்ற நோயாளிகளுக்கு ஆசை காட்டிவிடாதே.

உன் நர்ஸ் அசாசிடிடினைத் தோலடியில் போடுவதானால் ஒன்று கவனிக்கச் சொல். 100 மி.கி. குப்பியில் 4 மி.லி. ஊசித் தண்ணீர் விட்டால் பால்போல் கலங்கலாக வரும், அது கெட்டுப்போனதல்ல. சிரிஞ்சில் நின்றால் அடியில் படிந்துவிடும். போடுவதற்குமுன் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, ஒரே சீராகக் கலங்கும்வரை வேகமாக உருட்ட வேண்டும். இல்லையென்றால் மருந்து சிரிஞ்சிலேயே தங்கிவிடும். அறை வெப்பத்தில் 1 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நரம்பு வழியானால் குளுக்கோஸில் கலக்கவே கூடாது.

கூட்டில் நான் அஞ்சுவது வயிற்றுப்போக்குக்குத்தான். வெள்ளணு குறைந்து வந்த தொற்றா, பிடி-1 மருந்து கிளப்பிய குடல் அழற்சியா? முதலாவதுக்கு ஆண்டிபயாடிக், இரண்டாவதுக்கு ஸ்டீராய்டு. மலப் பரிசோதனையும் ரத்த எண்ணிக்கையும் பார்க்காமல் போக்கை நிறுத்தும் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பாதே. காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் காலை பஸ்ஸுக்குக் காத்திராமல் அந்த ராத்திரியே 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்துவிட வேண்டும். வீட்டாரிடம் முதல் நாளே சொல்லி, வண்டி யாருடையது என்றும் கேட்டு வை.

நோயாளியை அனுப்பும்போது தைராய்டு, கல்லீரல் ரிசல்ட்டோடு மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். பழைய டிபி பிடி-1 மருந்தில் தலைதூக்கியதுண்டு.

அன்புடன்,
குமார்