கிணறுகள் மேல் நிற்கும் கோயில்

அன்புள்ள செல்வம்,

மார்ச்சில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் காலேஜில் சேர்ந்துவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் சர்ச்சில் ஒரு கல்யாணம். அந்த மதிலோரமாக எத்தனை தடவை ரயிலுக்கு ஓடியிருப்போம்! ஒரு நாளாவது உள்ளே போனோமா? உள்ளே வட்ட மண்டபம்டா. பதினாறு தூண்கள் சுற்றி நின்று 51½ அடி விட்டமுள்ள குவிமாடத்தைத் தாங்குகின்றன. மாடத்தின் உட்புறம் முழுக்க நீலம், அதில் நட்சத்திரங்கள். தாலி கட்டும் நேரத்திலும் நான் அண்ணாந்தேதான் இருந்தேன். சுவரைத் தொட்டால் சலவைக்கல் மாதிரி ஜில்லென்று வழுக்குகிறது. எல்லாம் கிளிஞ்சல் சுண்ணாம்பு மெருகு. அப்பா இருந்திருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது மேலே இருப்பதல்ல, கீழே இருப்பது. அந்த இடம் அப்போது சேறும் சகதியுமான பூமி. அதில் 166½ அடி கோபுரம் நிற்க வேண்டும். கட்டியவர் மேஜர் டி ஹாவிலண்ட். நம்மூர் முறையிலேயே நூற்றைம்பதுக்கும் மேல் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார். உன் தாத்தா தோட்டத்தில் கிணற்றுக்கு உறை இறக்கியதை வரப்பில் உட்கார்ந்து பார்த்தோமே, உள்ளே மண்ணை அள்ள அள்ள உறை தன் பாரத்திலேயே இறங்கும், அதே வித்தைதான். 1818-இல் தொடங்கி 1821-இல் முடித்துவிட்டார்கள். இருநூறு வருஷம் ஆயிற்று, அசையவில்லை.

இப்போது உன் மனைக்கு வருகிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் வாங்கியிருக்கிறாய், அஸ்திவாரத்துக்கு அஞ்சு அடி தோண்டினால் போதும் என்று மேஸ்திரி சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இன்று என் வீட்டுக் கூடத்துச் சுவர் விரிசலில் ஒரு ரூபாய்க் காசைச் செருகலாம். ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் அகலமாகிறது. ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. மண் பரிசோதனை செய்கிற ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் வா, மூன்று பேருமாக மனைக்குப் போவோம். திரும்பும்போது உன்னைக் கர்க்குக்குக் கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
ராஜு