வெள்ளைப் பூச்சு பாதி வேலைதான்

ஐயா,

மொட்டை மாடிகளில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது பற்றிய செய்தி கண்டேன். நல்ல முயற்சிதான். ஆனால் பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவில்தான் அறைக்குள் இறக்குகிறது. மேல்தளத்து முதியோருக்குத் தூக்கம் போவதும் அப்போதுதான். இந்தச் சூட்டைத் தடுக்க, தளத்தின் மேல் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து 3, 4 அங்குலம் போட்டு, அதன் மேலே தட்டை ஓடு பதிப்பது சென்னையின் பழைய வழக்கம். செலவு மிச்சமென்று இன்று பலரும் அதை விட்டுவிட்டார்கள்.

கட்டட மேற்பார்வையில் கண்டவரை, பாசியைச் சுரண்டாமல் அடித்த பூச்சு முதல் மழையிலேயே உரிகிறது. கழுவாத பூச்சோ புழுதி படிந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. சுரண்டுவதையும், ஆண்டுதோறும் மாசியில் கழுவுவதையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

– கட்டடப் பொறியாளர் ஒருவர், சைதாப்பேட்டை, சென்னை