வடசென்னைக்கு அட்மிஷன் பிடிக்க வர்ற தனியார் இன்ஜினியரிங் காலேஜ்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய சேர்மன் சார், கரெஸ்பாண்டன்ட் மேடம், அப்புறம் வெயில்ல நின்னு நோட்டீஸ் குடுக்குற அட்மிஷன் டீம் தம்பிங்களுக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில ஆன்லைன் சென்டர் வெச்சிருக்கேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா வருமான சான்று, முதல் பட்டதாரி சான்று, கவுன்சிலிங் ரெஜிஸ்ட்ரேஷன்னு கடை ஃபுல்லா எங்க ஏரியா பசங்கதான். எந்த காலேஜ் பேரையும் எழுதப் போறதில்ல, படிக்கிறப்போ யாருக்கு சுருக்குனு இருக்கோ அவங்களுக்குத்தான் இது.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு, நாலு வருஷத்துக்கு மொத்தம் எவ்ளோ ஆகும்னு ஒரே பேப்பர்ல எழுதிக் குடுங்க.

போன சீசன்ல ஒரு அக்கா, மீன் வியாபாரம் பண்றவங்க, உங்கள மாதிரி ஒரு காலேஜ் நோட்டீஸையும் ரசீதையும் சேத்து எடுத்துட்டு வந்தாங்க. நோட்டீஸ்ல "85,000 மட்டும்"னு செவப்புல கொட்ட எழுத்து. ரசீத பாத்தா அந்த 85,000 தனி, பஸ்ஸுக்கு 35,000 தனி, ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங் 12,000, யூனிஃபார்ம் நோட்டு லேப் கோட்டுன்னு 8,000. கூட்டுனா 1,40,000, அதுவும் மொத வருஷத்துக்கு மட்டும். சேந்து ஒரு மாசம் கூட ஆகாத பையனுக்கு எதுக்கு சார் ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங் காசு?

இதுல பெரிய கொடுமை என்னன்னா, அந்தப் பையன் அவங்க வீட்லயே மொத பட்டதாரி. அரசு மார்க் வரிசையில சீட் குடுக்குற கவுன்சிலிங்ல வந்திருந்தா ட்யூஷன் ஃபீஸ்ல சலுகை கெடச்சிருக்கும், ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் கெடச்சா ட்யூஷன் ஹாஸ்டல் எல்லாமே கவர்மென்ட் பாத்துக்கும், ஆனா உங்க ஆளுங்க ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே "சீட் முடியப் போகுது, அட்வான்ஸ் கட்டிடுங்க"ன்னு காலேஜே நேரா நெரப்புற மேனேஜ்மென்ட் கோட்டால போட்டுட்டாங்க, எல்லாம் போச்சு. 2017ல அரசோட ஃபீஸ் கமிட்டி வெச்ச கணக்குலயே வருஷத்துக்கு கவுன்சிலிங் சீட்டு 50,000, மேனேஜ்மென்ட் சீட்டு 85,000. அதே பெஞ்சு, அதே வாத்தியார். கவுன்சிலிங்குக்கு பதியிற கட்டணம் வெறும் 500, எஸ்சி எஸ்டி பசங்களுக்கு 250. இத உங்க தம்பிங்க ஒருத்தராவது சொல்றாங்களா?

இன்னொண்ணு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், காசிமேட்டுல போட்டெல்லாம் கட்டிக் கெடக்கும். நீங்க கரெக்டா அந்த நேரத்துலதான் முழு காசையும் கேக்குறீங்க. கம்மல் அடகுக்கு போவுது, ஏலச் சீட்ட தள்ளி எடுக்குறாங்க. லோன் வாங்கித் தர்றோம்னு நீங்க சொல்றதும் தெரியும், 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் சொத்து இல்லாம பேங்க்ல தருவாங்கதான், ஆனா படிக்கிற நாலு வருஷமும் வட்டி ஏறிட்டேதான் இருக்கும்னு யாரு அந்த அக்காவுக்கு சொன்னது?

அரசோட தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டத்துல வர்ற மாசம் ஆயிரத்த ஏதோ உங்க காலேஜ் ஸ்காலர்ஷிப் மாதிரி பேசுறதையும் நிறுத்துங்க, ப்ளீஸ்.

என் கடைக்கு வர்ற பசங்ககிட்ட நான் வேற வழியும் சொல்றேன், மறைக்கல. வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜும் பிராட்வே பாரதி மகளிர் காலேஜும் பக்கத்துலயே இருக்கு, ரெண்டும் கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ், கவர்மென்ட் காலேஜ் பசங்களுக்கு பஸ் பாஸ் ஃப்ரீ, பொண்ணுங்களுக்கு சாதாரண பஸ்ல டிக்கெட்டே இல்ல. இன்ஜினியரிங்தான் வேணும்னா ப்ளஸ் டூ முடிச்சவங்க கவர்மென்ட் பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷத்துலயே சேந்து, ரெண்டு வருஷத்துல டிப்ளமோ முடிச்சிட்டு நேரா பிஇ ரெண்டாவது வருஷம் சேரலாம், ஒரு வருஷம் கூட ஆகும், ஆனா செலவு எவ்ளோ கொறையுது பாருங்க, நடுவுல வேலை கெடச்சாலும் கையில ஒரு சர்டிஃபிகேட் இருக்கு. "டிப்ளமோவா"ன்னு மூஞ்சிய சுளிக்கிற மாமாங்களுக்கு தனியா ஒரு லெட்டர் எழுதணும்.

உங்க காலேஜ் நல்லா சொல்லிக் குடுக்குதுன்னா பயப்பட என்ன இருக்கு? ட்யூஷன், பஸ், எக்ஸாம் ஃபீஸ், "இதர"ன்னு நீங்க எழுதுறது எதுவோ அதுவும், நாலு வருஷத்துக்கும் சேத்து, உங்க சீல் வெச்சு அனுப்புங்க. பாதியில நின்னா எவ்ளோ திருப்பித் தருவீங்க, ஒரிஜினல் டிசி மார்க் ஷீட்ட பிடிச்சு வெக்க மாட்டீங்களான்னும் அதுலயே எழுதிடுங்க. என் கடை கண்ணாடியில ஒட்டுறேன், அதுக்கு காசு வேணாம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை ஆன்லைன் சென்டர்காரன்