செவ்வாய் இரவு எட்டு மணிக்கு எடு

வெள்ளவத்தை
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் சுமதி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைவு. குட்டியக்கா சித்திரைக்குப் பிள்ளைகளோடு வந்து போனா. பவா ரீச்சரைக் கண்டால் நான் கேட்டதாகச் சொல்லு.

பதினொரு மாதத்தில் நீ ஒன்பது தரம் கோல் எடுத்திருக்கிறாய். ஒன்றைக்கூட நான் தூக்கவில்லை. உன்மேல் கோபம் ஒன்றுமில்லை. போன் அடிக்கும்போது உன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அது நிற்கும்வரை. நின்றதும் உடம்பு லேசாகும். பிறகு அழுகை வரும்.

இன்னொன்றையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ரியூசன் முடிந்து நான் தெஹிவளையில் இறங்கி நடந்து வருவேனே, ‘கடல் பைத்தியம்’ என்று நீயும் ரஞ்சியும் பட்டம் வைத்தீர்களே. நான் கடல் பார்க்கப் போகவில்லையடி. 101 பஸ்ஸில் எங்கள் சவோய் ஹோல்ற் வரும்போது ‘பஹினவா’, இறங்கப்போகிறேன் என்று சிங்களத்தில் கத்தவேண்டும். அந்த ஒரு சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். வேறு யாராவது இறங்கினால் அவர்களுக்குப் பின்னால் இறங்குவேன். ஒருவரும் இறங்காவிட்டால் தெஹிவளை.

கந்தோரை விட்டதும் இதனால்தான். திங்கட்கிழமை தோறும் வட்டமாக நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் கதைக்கச் சொன்னார்கள். ஞாயிறு பின்னேரமே எனக்கு வயிற்றைப் பிரட்டத் தொடங்கும். கடைசியில் ஒரு திங்கட்கிழமை எழும்பவே முடியவில்லை. அக்காதான் 1926க்கு எடுத்துக் கதைத்தா. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. பிறகு ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. ‘கூச்ச சுபாவம்’ என்று முப்பது வருடமாகச் சொல்லிவந்ததற்குச் சமூகப் பதற்றம் என்று பெயர் இருக்கிறதாம், வைத்தியமும் இருக்கிறதாம். ஒரு இடத்தைத் தவிர்த்ததும் வருகிற அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் தவிர்க்கப் பழக்குகிறது என்று டொக்டர் சொன்னா. உன் கோல் நின்றதும் உடம்பு லேசானதே, அதேதான்.

தங்கச்சியும் வீட்டிலிருந்தே வேலை தேடுகிறாள் என்று எழுதியிருந்தாய். இனி எழுதுவதை அவளுக்கும் வாசித்துக் காட்டு.

எனக்கு முதலில் வந்தது டெலிகிராமில். ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் காசு. நேர்முகம் இல்லை, குரல் தேவையில்லை, முகம் காட்டத் தேவையில்லை. எனக்கென்றே யாரோ செய்த வேலை மாதிரி இருந்தது. முதல் நாள் உண்மையாகவே 1,500 ரூபா கணக்குக்கு வந்தது. மூன்றாம் நாள் ‘பெரிய வேலை’க்கு முற்பணம் 25,000 கேட்டார்கள். கட்டினேன். அதை எடுக்க இன்னும் 60,000 கட்டச் சொன்னார்கள். அன்றிரவு அக்காவிடம் சொல்லி அழுதேன். சுமதி, எனக்குக் காசு போனது பெரிதில்லை. நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை’ என்பதையே தூண்டிலில் கொழுவி வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களைத்தான் அது முதலில் இழுக்கும். வேலை தருகிறவன் எங்களிடம் காசு கேட்கமாட்டான். பதிவுக்கட்டணம், பயிற்சிக்கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை இல்லை என்று தங்கச்சியிடம் சொல்லு.

அதற்குப் பிறகுதான் கையிலிருந்த கணக்கியலை எடுத்தேன். ஸீரோ என்ற கணக்கு மென்பொருளை இணையத்தில் இலவசமாகவே படித்து சான்றிதழ் எடுத்தேன். இணையத்தில் வேலை எடுக்கிற அப்வேர்க் தளத்தில் 43 விண்ணப்பம் போட்டதில் இரண்டுக்குத்தான் பதில் வந்தது. ஒன்று, ஒப்பந்தம் போட முன்னரே வட்ஸ்அப்புக்கு வரச் சொன்னது. அந்தத் தளத்தின் விதிக்கே அது முரண், விட்டுவிட்டேன். மற்றது மெல்பேர்னில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகம். ஏழு மாதமாக அவர்களுக்குத்தான் செய்கிறேன். என் ஒப்பந்தத்தில் தளம் நூற்றுக்குப் பத்து எடுக்கிறது. மிச்சத்தை நேரே வங்கிக்கு எடுக்கிறேன். வரி இலக்கமும் எடுத்துவிட்டேன். 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி வந்துவிட்டது, அதிகபட்சம் நூற்றுக்கு 15. தங்கச்சி தொடக்கத்திலேயே இதைத் தெரிந்துவைத்தால் நல்லது.

வேலை எனக்குச் சரியான விருப்பம். திரையின் இடப்பக்கம் வங்கிக் கணக்கில் வந்த பதிவு, வலப்பக்கம் பற்றுச்சீட்டு. இரண்டும் பொருந்தினால் பச்சையாகும், அழுத்த வேண்டியதுதான். குழாய் திருத்துகிற ஒருவர் காரில் கசங்கிய துண்டுகளைப் படமெடுத்து அனுப்புவார், எழுத்து பாதி அழிந்திருக்கும். அதைத் தேடிப் பொருத்திவிட்டால் அன்றைக்கு முழுக்க மனம் நிறைந்திருக்கும். அவர்களுக்கு ஜூன் 30இல் வருடம் முடிகிறது, ஜூலை 28க்குள் காலாண்டு ஜிஎஸ்டி போக வேண்டும். இரவிரவாக இருக்கிறேன்.

இத்தனை நாளும் எல்லாம் மெயிலில்தான். போன கிழமை அந்த அலுவலகத்து அம்மா எழுதியிருக்கிறா: உன் வேலை நல்லது, இன்னும் மூன்று வாடிக்கையாளர்களைத் தரப்போகிறேன், வியாழக்கிழமை முகம் பார்த்துக் கதைப்போம். இங்கே காலை ஆறரை. வாசித்ததும் கை குளிர்ந்து போனது. கமெரா பழுது என்று பதில்கூட எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. எழுதிய மெயில் இன்னும் அப்படியே கிடக்கிறது.

மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். ஏமாற்றியவர்கள் ஒருநாளும் என் முகத்தைக் கேட்கவில்லை. வேலையை என்னிடம் நம்பித் தருகிற மனுசிதான் கேட்கிறா. அவ கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. வீட்டில் இருந்து உழைப்பது எனக்குப் பொருந்துகிறது, அதை விடமாட்டேன். ஆனால் இந்த ஏழு மாதத்தில் மருந்துக்கடைக்குக்கூட அக்காவை அனுப்பியிருக்கிறேன். அது எனக்குப் பயமாக இருக்கிறது சுமதி. கதவை நானே சாத்திக்கொண்டு வருகிறேன்.

ஒவ்வொரு படியாக ஏறச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறா. முதல் படியாக உன்னை வைத்திருக்கிறேன். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு எடு, வீடியோவில். இடையில் நான் பேசாமல் இருந்தால் நீயாக இட்டு நிரப்பாதே. நீ எப்போதும் அப்படித்தான், மற்றவர் வாய் திறக்க முன்னரே மறுமொழியும் சொல்லிவிடுவாய். செவ்வாய்க்கிழமை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதல் தரம் நான் தூக்காவிட்டால், இரண்டாம் தரமும் எடு.

அன்புடன்,
வதனி