ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கிறார்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், முதுகில் பையைச் சுமந்துகொண்டு நாடு பார்க்கக் கிளம்பும் பிள்ளைகளைக் கண்டித்து எழுதியிருந்தார். வெள்ளைக்காரரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. அப்படிச் சூடு போட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. வயது 27. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன், இரும்புக்கடை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். 2025 பெப்ரவரியில் புறப்பட்டு 34 நாள் தாய்லாந்தில் தங்கிவிட்டு வந்தேன்.

வந்த மறுநாள் படலையடியில் வைத்துப் பக்கத்து வீட்டு மாமி கேட்ட முதல் கேள்வி, "ஏன் பிள்ளை திரும்பி வந்தாய்?" என்பதுதான். பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். பின்னேரம் அம்மாவைத் தனியே அழைத்து, ஏஜென்சிக்காரன் முற்பணத்தையாவது திருப்பித் தருவானா என்றும் விசாரித்திருக்கிறார். மாமியில் குற்றமில்லை. எங்கள் ஊரில் 'வெளிநாடு போய்விட்டான்' என்றால் அது ஒருவழிப் பயணம். காசு கட்டிப் போவார்கள், ஸ்பொன்சரில் போவார்கள், கலியாணம் கட்டிப் போவார்கள். பிறகு இருபது வருடம் கழித்து நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளுடன் வருவார்கள். விடுமுறை எடுத்துப் போய், விடுமுறை முடிய வந்து, திங்கட்கிழமை கடையில் பேரேட்டைத் திறந்தவளை எந்தக் கணக்கில் வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை.

அந்தப் பள்ளிக்கூட ஆசிரியர் ஐயா சொன்ன ஆபத்துகளை நான் மறுக்கவில்லை. 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அருகே கடலில் தத்தளித்த கப்பலிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையர் மீட்கப்பட்டதை மறக்க முடியுமா? கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து வழியாகப் போய் மியன்மார் எல்லையில் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டவர்களும் நம் நாட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் இவர்களில் எவரும் ஊர் பார்க்கப் புறப்பட்டவர்களல்லர். சுற்றுலா அனுமதியில் போனால் வேலை கிடைக்கும் என்று யாரோ ஒருவன் ஆசை காட்டியிருக்கிறான். அந்த ஒருவனால்தான், நான் புறப்பட்ட நாளில் விமான நிலையத்தில் ஒரு மேசையில் என்னைத் தனியே நிறுத்தி, திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, வங்கிக் கூற்று, கடை முதலாளியின் விடுமுறைக் கடிதம் எல்லாவற்றையும் பார்த்தபிறகும், "தனியாகவா? சுற்றிப்பார்க்க மட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டார்கள்.

காசு யாருடையது என்று ஐயா கேட்டிருந்தார். என்னுடையது. பதினெட்டு மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. தொழில் பழக்கத்தில் கணக்குக் கொப்பி வைத்திருந்தேன்: விமான டிக்கெட் 94,000 ரூபாய், படுக்கை 72,000, சாப்பாடு 56,000, உள்நாட்டு ரயிலும் பஸ்ஸும் 21,000, காப்புறுதி, சிம், துணி தோய்த்தது, நுழைவுக் கட்டணம் எல்லாமாக 19,000. மொத்தம் 262,000 ரூபாய். எங்கள் ஒழுங்கை முனையில் அண்மையில் நடந்த சாமத்திய வீட்டில் (பூப்புனித நீராட்டு விழாவில்) மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் போனது இதைவிடக் கூட. அதைப் பற்றி எவரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதாக நான் காணவில்லை.

விசாவுக்குச் செலவில்லை. 2024 ஜூலை நடுப்பகுதியில் தாய்லாந்து விசா விலக்குப் பட்டியலை விரித்தபோது இலங்கையையும் சேர்த்தது. நான் போனபோது 60 நாள் வரை இருக்கலாம். சிங்கப்பூருக்கும் நாம் விசா எடுக்கத் தேவையில்லை. நேபாளம் இலங்கையருக்கு வருடத்தின் முதற் பயணத்தில் 30 நாள் விசாவை இலவசமாகவே தருகிறது. இதெல்லாம் ஏஜென்சி விளம்பரங்களில் வராது. வந்தால் அவர்களுக்கு என்ன மிச்சம்?

தங்கியது ஹொஸ்டல்களில், பெண்களுக்கான பொது அறையில். எட்டுக் கட்டில், ஆளுக்கொரு திரை, ஒரு பெட்டகம். பூட்டு நாம் கொண்டுபோக வேண்டும். கஸ்தூரியார் வீதியில் வாங்கிய பித்தளைப் பூட்டு 34 நாளும் என்னைக் காத்தது. பையின் நிறை ஏழு கிலோ. அதில் ஒரு கிலோ பருத்தித்துறை வடை. வழித்துணைக்கு அதைவிட நல்ல பண்டம் இல்லை: நசியாது, பழுதாகாது, அயற் கட்டில்காரியைச் சினேகிதியாக்கும். பாங்கொக்கிலிருந்து சியாங் மாய்க்கு ரயிலில் 751 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு வருவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே இரவைக் கழித்தேன். விடிய இடுப்பு என்னுடையதாக இல்லை. அடுத்த முறை படுக்கை டிக்கெட்தான்.

அயற் கட்டில்காரி ஜேர்மன்காரி, வயது 22. ஆஸ்திரேலியாவில் பழத்தோட்டங்களில் எட்டு மாதம் வேலை செய்து, அந்தக் காசில் ஆசியாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இளைஞர் ஊர் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய அந்த நாடு விடுமுறை விசா கொடுக்கிறது. நீயும் போகலாமே என்றாள். அந்த விசா கிடைக்கும் நாடுகளில் இலங்கை இல்லை. ஆகவே நாங்கள் வெள்ளைக்காரரைப் பார்த்துச் சூடு போட நினைத்தாலும் முடியாது, ஐயா. அவர்கள் போகும் வழியில் உழைக்கிறார்கள், நாங்கள் உழைத்து முடித்த பிறகுதான் போகலாம்.

எதற்காகப் போனாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு காலையைச் சொல்கிறேன். பாங்கொக்கில் பெரிய ஊஞ்சல் என்று ஒன்று நிற்கிறது. சிவப்பு நிறத்தில், பனைமரத்தைவிட உயரமாக இரண்டு தூண்கள். எதிர்ப்புறம் தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில், 1784இல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் கட்டியது. சிவனுக்கு ஒன்று, பிள்ளையாருக்கு ஒன்று, நாராயணனுக்கு ஒன்று என்று மூன்று சிறிய மண்டபங்கள். அரண்மனைச் சடங்குகளைச் செய்யும் தாய்ப் பிராமணரின் இடம் அது. வருடம் தோறும் அவர்கள் நடத்தும் ஒரு விழாவின் பெயர் திரியம்பாவாய். நம் திருவெம்பாவைதான். பாட்டும் மாணிக்கவாசகருடையது, ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாமல் மந்திரமாகவே நூற்றாண்டுகளைக் கடந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சைவசமய ஆசிரியை இதைச் சொன்னபோது நான் பின் வாங்கில் நித்திரை. மார்கழிக் குளிரில் சங்கும் சேமக்கலமுமாக எங்கள் ஒழுங்கையால் பாடிக்கொண்டு போவார்களே, அப்போதும் போர்வையை இழுத்து மூடியவள்தான். அந்த முற்றத்தில் நின்றபோது "ஆதியும் அந்தமும் இல்லா" தானாக வாயில் வந்தது. இரண்டாவது அடி வரவில்லை. வெட்கமாக இருந்தது. கைபேசியில் தேடி, முழுப்பாட்டையும் மெல்லப் படித்தேன். விழாக் காலம் முடிந்து நான் போனதால் அவர்கள் ஓதுவதைக் கேட்கக் கிடைக்கவில்லை.

பத்திரிகை ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு இதழில் வெளிநாட்டு வேலை விளம்பரம் இரண்டு பக்கம் வருகிறது. அதன் ஓரத்தில் கால் பத்தி ஒதுக்குங்கள். எந்த நாட்டுக்கு விசா தேவையில்லை, எத்தனை நாள் இருக்கலாம், அங்கே வேலை செய்தால் என்ன தண்டனை, இவ்வளவும் போதும். விதிகள் மாறிக்கொண்டேயிருக்கின்றன. தாய்லாந்தே 2025 மே மாதம் முதல் வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பச் சொல்லிவிட்டது. ஆகையால் வாரம்தோறும் சரிபார்க்க ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய நான் ஆயத்தம். கணக்குக் கொப்பியின் படியையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூட ஆசிரியர் ஐயா கேட்டால் கொடுங்கள். நாலாம் பக்கத்தில் கூட்டல் பிழை ஒன்று இருந்தது, சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் வாசகி,
கோண்டாவில்